கொக்குமூக்குப் பூவும் என் இடது கண்ணும்

பழைய எவர்சில்வர் தட்டு ஒன்று. நடுவில் லேசாக மேடு தட்டியது. சாம்பார் ஊற்றினால் ஓரத்துக்கு ஓடிவிடும். அந்த மேட்டின் உச்சியில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் ஒரு விதை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறைத் தரையில் நானும் என் மனைவி விமலாவும் எதிரெதிரே குந்தியிருக்கிறோம். அடுப்பில் பால். அது அங்கே இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

விதை, சீரகத்தைவிடக் கொஞ்சம் தடி. ஒரு முனை ஊசி. மறுமுனையில் நீளமாக ஒரு வால். வாலின் முதல் பாதி ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி கடிகார முள் மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் பட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த முள் நகர்ந்தது.

"இன்னாங்க, இதுக்கு உயிர் இருக்குதா?"

"காத்துல ஆடுது விமலா."

"ஃபேனை நிறுத்திட்டுதானே உக்காந்தோம்."

முள் சுற்றியது. அவசரமே இல்லாமல், கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிற பெரியவர் மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு ஒரு திருகு தளர்ந்தது. ஜன்னல் வெளிச்சம் தட்டில் பட்டுத் தெறித்து விமலாவின் மோவாயில் நெளிந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்ததில்லை. அப்போதெல்லாம் நான் விடாமல் பேசுவேன். அவள் என்னைப் பேசவிட்டுத் தூங்கிவிடுவாள்.

பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த விதை எங்கிருந்து வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் பேன்ட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஜன்னலோரத்து இடம் எனக்கு நிற்குமா, போய்விடுமா என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை.

வடக்கு வெளிச்சம்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நான் சார்ட்டர். பதமாகி வந்த தோலைப் பார்த்து, இது முதல் தரம், இது அடுத்தது, இது தேறாது என்று பிரித்துப் போடுகிறவன். (ஆம்பூர்க்காரன் தொடர் எழுதினால் இரண்டாவது வாரத்திலாவது பிரியாணி வரும் என்று காத்திருக்கும் வாசகர்களுக்கு: இந்த வாரமும் வராது. வயிற்றைத் திட்டிக்கொண்டே படியுங்கள்.)

தோல் பிரிக்கும் மேஜையை வடக்கு பார்த்த ஜன்னலோரமாகத்தான் போடுவார்கள். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் நேராக விழுந்து தோலை மினுக்கிக் காட்டிவிடும். பெண் பார்க்கப் போன வீட்டில் ஜாஸ்தி வெளிச்சமாகப் பல்ப் மாட்டி வைத்திருப்பார்களே, அப்படி. வடக்கு வெளிச்சம் அதெல்லாம் செய்யாது. காலை முழுக்க ஒரே மாதிரி, பால் கலந்த மாதிரி, மெத்தென்று வரும். அதில் ஒரு கீறல் தப்பாது.

அந்த வெளிச்சத்தில்தான் நான் வாலிபம் முழுக்க நின்றேன். அதற்கு என்னிடம் வாடகை கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

மேஜைக்கு இரண்டு பேர். என் எதிர்ப்பக்கம் ஜஹீர் பாய். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். தோல் மேல் கட்டைவிரலை ஒரு தரம் ஓட்டினால் போதும், அந்த ஆடு மேய்ந்த இடத்தில் முள்வேலி இருந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். எனக்குக் கண், அவருக்கு விரல். அதனால் எங்களை டேனரியில் ஒரே ஆளாகத்தான் எண்ணுவார்கள். சண்டை போடும்போது மட்டும் இரண்டு ஆள்.

எங்கள் மேஜைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தோலைக் கழிக்க வேண்டுமென்றால் ஒருத்தன் சொன்னால் செல்லாது. நான் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். பாய் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டால், குறுக்கே ஒரு கோடு போடுவார். குறுக்குக் கோடு விழுந்தால்தான் அது ரிஜெக்ட். விழாவிட்டால் தோல் அடுத்த தரத்துக்குப் போகும், நாங்கள் இரண்டு பேரும் டீக்குப் போகும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டோம்.

தோலில் வானம்

அந்த வருஷம் மழைக்கு முன்னால் வெளிநாட்டுச் செம்மறித் தோல் ஒரு லாட் வந்தது. கம்பளி மயிரோடு, உப்பு போட்டு, கப்பலில் வந்த சரக்கு. மயிர் நீக்கி, பதமாக்கி, சாயத்துக்கு முன்னால் எங்கள் மேஜைக்கு வந்தது. கையுறை தைக்கிற தோல், மெல்லிசு. பார்க்க வெண்ணெய். பாய் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, "மாஷா அல்லா" என்றார்.

நான் வழக்கம்போல ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

தோலுக்குள் நட்சத்திரம் தெரிந்தது.

ஊசிமுனை அளவு ஓட்டைகள். மேஜையில் கிடக்கும்போது கண்ணில் படாது. விரலுக்கும் தட்டாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் பொட்டுப் பொட்டாக மின்னும். கழுத்துப் பக்கம் ஒரு கூட்டம், வயிற்றுப் பக்கம் ஒரு சிதறல், நடுவில் பால்வீதி மாதிரி ஒரு மங்கல். நான் வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்தேன். வேலை மறந்துவிட்டது. காலை பத்து மணிக்கு யாரோ எனக்கு மட்டும் ராத்திரியைச் சுருட்டி எடுத்து வந்து விரித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

"இன்னாடா, தோலைப் பார்த்தா லவ்வரைப் பார்த்த மாதிரி நிக்கிற?" என்றார் பாய்.

"பாய், ஓட்டை. எல்லாம் ஓட்டை. இங்க பாரு, இங்க, இங்க."

ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டேன். கீழே ஒரு கோடு இழுத்தேன். பாய் தோலை வாங்கி, ஜன்னலுக்குப் பிடித்து, கழுத்தைச் சாய்த்து, இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"தெரியுது," என்றார். குறுக்கே கோடு போட்டார்.

அடுத்த தோல். வட்டம், கோடு, குறுக்குக் கோடு. அதற்கடுத்தது. அன்று சாயங்காலம் ரிஜெக்ட் அடுக்கு என் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. நல்ல தோல் அடுக்கின் மேல் ஒரு பூனை ஏறிப் படுத்திருந்தது. அவ்வளவு குட்டையான அடுக்கு.

நீல ஆடு

மேனேஜர் நவீன் வந்தார். சின்ன வயசு, தோல் படிப்புப் படித்தவர், நல்ல பையன். ரிஜெக்ட் அடுக்கைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சௌந்தர்ணே, இன்னா இது?"

"நட்சத்திரம் சார்."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது.

நவீன் கல்லூரியில் படிக்கும்போது எங்கள் டேனரிக்குப் பயிற்சிக்கு வந்தவர். டிரம்மில் போட்டு குரோம் மருந்து ஏற்றி இறக்கிய தோல் வானத்து நீலத்தில் இருக்கும். அதைப் பார்த்து அவர், "இது ஏன்ணே ப்ளூவா இருக்குது?" என்று கேட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீல ஆடுப்பா. ஜவ்வாது மலை அந்தப் பக்கம் ஒரே ஒரு மந்தைதான் மிச்சம். வெயில்ல நிக்காது, அதான் யாரும் பார்த்ததில்ல" என்றேன். பாவி மனுஷன் மத்தியானம் வரைக்கும் நம்பினார். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கான விலையைப் பல வருஷம் கழித்து இந்த நட்சத்திரத்தில் கட்ட வேண்டியிருந்தது.

நவீன் ஒரு தோலைச் சுருட்டி மாடி ஆபீசுக்கு எடுத்துப் போனார். டியூப் லைட்டில் பார்த்தார். டியூப் லைட்டில் என் மூஞ்சிகூட முதல் தரமாகத்தான் தெரியும். கீழே இறங்கி வந்தவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"மயிர்க்கால் ஓட்டைதாண்ணே அது. எல்லாத் தோல்லயும் இருக்கும். நீங்க... கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா சமீபத்துல?"

"கண்ணுக்கு இன்னா சார்? உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் நூல் விட்டிருக்குது."

குனிந்து பார்த்தார். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. நான் சும்மா அடித்துவிட்டது. அது எனக்கே எதிராகப் போயிற்று.

"பாய், உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது சார். நல்லா தெரியுது," என்றார் ஜஹீர் பாய். குரலில் ஒரு ஆட்டம் இல்லை.

"ஒரு வாரம் நீங்க பேக்கிங்ல இருங்கண்ணே," என்றார் நவீன் என்னிடம். "கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

பேக்கிங் ஹாலில் ஒரு மன்னர்

பேக்கிங் ஹாலுக்கு ஜன்னலே கிடையாது. தோலை எண்ணுவது, உருட்டுவது, கட்டுவது. என்னைப் பார்த்து அங்கே இருந்த பெண்கள், "வாங்கண்ணே, நாடு கடத்திட்டாங்களா?" என்றார்கள். "மாறு வேஷத்துல நகர்வலம் வந்திருக்கேன்மா" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. பார்ப்பது. அதுவும் போய்விட்டால் நான் யார்? பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆள் எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? (பத்திரிகையில் தொடர் எழுதி ஓட்டலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் கொஞ்ச நாளாக நான் அரிசியில் கல்லைத் தேடி ஏமாந்துகொண்டிருந்தேன். பஸ் போர்டில் ஒடுகத்தூரா ஒதியத்தூரா என்று தெரியாமல் கண்டக்டரைக் கேட்டேன். இதெல்லாம் தூக்கக் கலக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நட்சத்திரமும் தூக்கக் கலக்கமாக இருந்துவிட்டால்?

பேக்கிங்கில் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குப் போக்கிடம் இல்லை. இன்னும் பதமாகாத பச்சைத் தோல் கிடக்கிற குடோனுக்குப் போவேன். டேனரியில் குளிர்ச்சியான இடம் அதுதான். உப்பு, இருட்டு, மண் தரை. வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள். என் மூக்கு வேலைக்குச் சேர்ந்த வருஷமே ராஜினாமா கொடுத்துவிட்டது. அந்தச் செம்மறித் தோலில் ஓரம் வெட்டிப் போட்ட கம்பளித் துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அதில் சாய்ந்தால் மேகத்தில் சாய்ந்த மாதிரி. கண்ணை மூடுவேன். கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு புல்வெளியில், காற்றில், அந்த ஆடுகள் நடந்துபோகும். நானும் பின்னால் நடப்பேன். அங்கே யாரும் என்னைக் கண் டெஸ்ட் பண்ணச் சொல்ல மாட்டார்கள்.

தூங்கி எழுந்தால் பின்பக்கம் சுருக் சுருக்கென்று குத்தும். வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டேன்.

மறுபடி அந்தத் தட்டு

சனிக்கிழமை சாயங்காலம் விமலா என் பேன்ட்டை வாளியில் போடப் போனவள், "அம்மா!" என்று விரலை உதறினாள்.

"இன்னா வச்சிருக்கீங்க பேன்ட்டுல? பின்னாடி பூரா முள்ளு."

"நானே முள்ளுதானே. ஊர்ல கேட்டுப் பாரு."

"வாய் மட்டும் கம்மியாகாது." ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க வந்தது. துணியில் குத்தி மட்டும் நிற்கவில்லை, திருகி உள்ளே போயிருந்தது. உள்பக்கம் ஜட்டி வரைக்கும் போனதும் உண்டு. ஒன்றைச் சுவாரசியமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ராத்திரி முழுக்கத் தூறல். காலையில் பார்த்தால் முறுக்கு பாதி பிரிந்து, விதை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அதனால்தான் அந்தத் தட்டும் தண்ணீரும்.

வழிந்த பால் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. விதை சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஈரம் பட்டா பிரியுது," என்றாள் விமலா. "காஞ்சா மறுபடி முறுக்கிக்குமா இருக்கும். பிரிஞ்சு முறுக்கி, பிரிஞ்சு முறுக்கி... இறங்கிக்கினே போவும்."

"எதுல இறங்கும்?"

"மண்ணுல. இல்லனா உங்க பின்னாடி."

நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மண்ணில் இறங்கத் தெரிந்தது ஆட்டின் மேலும் இறங்கும். பனி, வெயில், பனி, வெயில் என்று கம்பளிக்குள் திருகித் திருகி, தோலைத் துளைத்து உள்ளே போகும். ஆடு செத்து, தோல் கப்பலேறி, ஆம்பூருக்கு வந்து, வடக்கு ஜன்னலில் நட்சத்திரமாகும்.

"விமலா! என் கண்ணு நல்லாருக்குதுடி! ஓட்டை நெஜம்!"

 நான் தட்டைக் காட்டினேன். "பாரு, இன்னும் சுத்துது பாரு."

விமலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அது நின்னு ரொம்ப நேரமாச்சுங்க," என்றாள்.

கொக்கின் மூக்கு

திங்கட்கிழமை தீப்பெட்டியில் நாலு விதையோடு நவீன் முன்னால் போய் நின்றேன். டீ டம்ளர் மூடியில் தண்ணீர் விட்டு ஒன்றைப் போட்டேன். நகர ஆரம்பித்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது நீல ஆடு இல்லையேண்ணே?"

"சத்தியமா இல்ல சார். வேணும்னா பேன்ட்டைக் காட்டுறேன்."

"வேணாம்."

மூன்று பேரும் குடோனுக்குப் போனோம். நவீன், நான், ஜஹீர் பாய். அதே லாட்டில் மிச்சமிருந்த பச்சைத் தோல் ஒன்றை விரித்து, கழுத்துப் பக்கம் மயிரைப் பிரித்தோம். கம்பளியின் அடியில், பாதி தோலுக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு விதை நின்றது. பக்கத்தில் இன்னொன்று. நவீன் நகத்தால் பிடுங்கினார். அந்த இடத்தில் ஒரு பொட்டு ஓட்டை.

பிறகு ரிஜெக்ட் அடுக்கிலிருந்து ஒரு தோலை உருவி அவரே வடக்கு ஜன்னலுக்குப் பிடித்தார். 

"இருக்குதுண்ணே," என்றார். "நாந்தான் தப்பான வெளிச்சத்துல பார்த்துட்டேன்."

அன்றைக்கே என்னை ஜன்னலுக்கு அனுப்பிவிட்டார். அந்த லாட்டில் ஒரு தோலை மட்டும், என் வட்டங்களோடும் பாயின் குறுக்குக் கோட்டோடும், சரக்கு விற்றவனுக்குக் காட்ட சாம்பிள் அலமாரியில் வைத்துக்கொண்டார். பேக்கிங் பெண்கள், "மன்னர் கோட்டைக்குத் திரும்பிட்டாரு" என்று கையசைத்தார்கள்.

போகும்போது நவீன் போனில் தேடி அந்தச் செடியின் பேரைக் கண்டுபிடித்துக் காட்டினார். ஏலகிரி பங்களாக்களில் தொட்டியில் சிவப்பாகப் பூக்குமே ஜெரேனியம், அதே குடும்பம்தான். ஆனால் தொட்டி, தோட்டக்காரன் எல்லாம் இல்லாத ஏழைச் சொந்தம். தானாக முளைக்கிற களை. காய் நீளமாகக் கொக்கின் அலகு மாதிரி இருப்பதால் அந்த ஊரில் கொக்கை வைத்தே பேர் சொல்கிறார்கள். தமிழில் இதற்குப் பேர் இருப்பதாகத் தெரியவில்லை. நம் ஊருக்கு அது வந்ததே என் பேன்ட்டில்தானே. அதனால் உரிமையோடு நானே கொக்குமூக்கு என்று வைத்துவிட்டேன்.

மிச்சமிருந்த விதைகளை விமலா மொட்டை மாடியில் ஒரு பெயின்ட் டப்பா மண்ணின் மேல் போட்டாள். குழி தோண்டவில்லை. "அதுவே இறங்கும், பார்க்கலாம்," என்றாள். இறங்கியது.

ஒரு பூ, இரண்டு நிறம்

ஜெயித்த ஆள் நான். ஆனாலும் விமலா என்னைச் சும்மா விடவில்லை. "நின்னு போனது உங்களுக்குச் சுத்துது," என்று தினமும் காலையில் இட்லியோடு வைப்பாள். கடைசியில் வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"இடது கண்ணுல கேட்ராக்ட் நல்லா முத்தியிருக்கு, வலதுல இப்பதான் ஆரம்பம்," என்றார் டாக்டரம்மா. "இதை வச்சிக்கிட்டு இன்னா வேலை பார்க்கிறீங்க?"

"பார்க்குற வேலைதான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை.

மார்கழிக் குளிரில் ஆபரேஷன் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடியோடு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் மேலே பார்த்து, "இன்னா தலைவரே, ஷூட்டிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கையசைத்தேன்.

பெயின்ட் டப்பாவில் செடி முளைத்து, மண்ணோடு மண்ணாகப் படர்ந்திருந்தது. கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் பிறந்த மாதிரி இலை. நடுவிலிருந்து மெல்லிய தண்டு எழும்பி, அதன் நுனியில் ஒரு நாள் காலையில் பூ விட்டது. சட்டைப் பட்டனைவிடச் சின்னப் பூ. அஞ்சு இதழ்.

கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, வலது கண்ணால் பார்த்தேன். ஆறிப்போன டீயில் ரோஜா விழுந்த மாதிரி ஒரு நிறம். அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன்.

எப்படிச் சொல்வது? ரோஸ் இல்லை, ஊதாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, விடியற்காலையில் பாலாற்று மணலின் மேல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகுமே, அந்த நிறம். இதழில் முடி போலக் கோடுகள் ஓடின. வலது, இடது, வலது, இடது என்று மாறி மாறிக் கண்ணைச் சிமிட்டினேன். ஒரே பூ. எத்தனை வருஷமாக நான் ஆறிப்போன டீக்குள் உட்கார்ந்திருந்தேன்?

"இன்னாங்க, பூவைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?"

"டெஸ்ட் பண்றேன் விமலா. நீயும் வந்து நில்லு."

நின்றாள். வலது, இடது பார்த்தேன். அவளுடைய தலையில் இவ்வளவு நரை இருப்பதும், அவள் கண்ணோரத்துச் சுருக்கங்கள் சிரிக்கும்போது எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதும் அன்றுதான் தெரிந்தது.

"எப்படி இருக்குது?"

"முதல் தரம்," என்றேன். முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியதும் இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. அந்தப் பூவுக்கு ஆயுசே அவ்வளவுதான் போல. அடுத்த நாள் வேறு ஒன்று. நான் தினமும் காலை அதற்காகவே எழுந்தேன்.

அலமாரியில் இருந்த தோல்

வேலைக்குத் திரும்பிய அன்று புதுக் கண்ணோடு ஜன்னலோரம் நின்றேன். கைக்குச் சரக்கு வருவதற்கு முன்னால், ஆசையாக, சாம்பிள் அலமாரியைத் திறந்து அந்தத் தோலை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். பழைய நட்சத்திரங்களைப் புதுக் கண்ணால் பார்க்கலாமே என்று.

கழுத்துப் பக்கம் அந்தக் கூட்டம் இருந்தது. கூர்மையாக, பளிச்சென்று. வயிற்றுப் பக்கம் ஒன்றிரண்டு. அவ்வளவுதான்.

நடுவில் ஓடிய பால்வீதி இல்லை. பாதி வட்டங்களுக்குள் ஒன்றுமே இல்லை. நல்ல தோல். அந்த வட்டங்களுக்குள் நான் பார்த்தது கொக்குமூக்கு போட்ட ஓட்டையே இல்லை. என் கண்ணுக்குள் சிதறிய வெளிச்சம். பாதி வானம் விதையுடையது, பாதி வானம் என்னுடையது. என்னுடைய பாதியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் துக்கமாகக்கூட இருந்தது. அந்தப் பால்வீதி நன்றாக இருந்தது.

ஜஹீர் பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாடா, பழைய தோஸ்தைப் பார்க்குறியா? அப்படியே ஆகாசம் மாதிரி இருக்குது இல்ல?"

எனக்குள் ஏதோ இடறியது. "ஆமா பாய். இதுல பெரிய ஓட்டை எது, சொல்லு பார்ப்போம்."

பாய் தோலைக் கையில் வாங்கினார். ஜன்னலுக்குப் பிடித்தார். கழுத்தைச் சாய்த்து, இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு கட்டைவிரலை ஒரு சாக்பீஸ் வட்டத்தின் நடுவில் அழுத்தி வைத்தார்.

"இதோ. இதைவிடப் பெருசு இருக்குதா?"

அந்த வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. அவர் விரலுக்குப் பக்கத்தில், கழுத்துக் கூட்டத்தில், நிஜமான ஓட்டை ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் விரல் போயிருந்தது.

அவருக்குச் சாக்பீஸ் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அன்றைக்கும், அதற்கு முன்னால் எத்தனையோ நாளும். விரல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. என் கண்ணை நம்பி, எனக்காக, நவீன் முகத்துக்கு நேரே "நல்லா தெரியுது" என்று சொல்லியிருக்கிறார்.

"ஆமா பாய்," என்றேன். "அதான் பெருசு."

கூடத் துணைக்கு ஒரு ஆள்

அந்த வாரமே, "ஆஸ்பத்திரியில செக்கப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க பாய், விமலாவுக்கு உடம்பு சரியில்ல, நீ துணைக்கு வா," என்று வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வழி முழுக்க, "உனக்கு இன்னாடா பேஜாரு, அதான் கண்ணு வந்துடுச்சில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கவுன்டரில், "பேஷன்ட் பேர்?" என்றார்கள்.

"ஜஹீர்," என்றேன்.

பாய் என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்து ஒதுங்கினேன். அடிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மருந்து ஏற ஏற எல்லாம் கலங்கிவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"திங்கட்கெழமை."

"நவீனுக்கு?"

"தெரியாது. தெரியவும் வேணாம். ஆபரேஷன் ஆயிட்டு வந்து நில்லு, போதும்."

கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். மருந்து வழிந்ததா வேறு ஏதாவதா என்று நான் பார்க்கவில்லை.

"ஜன்னலை விட்டு எடுத்துட்டா நான் இன்னாடா பண்ணுவேன்?" என்றார்.

"தொடர் எழுதலாம் பாய். நான் சொல்லித் தர்றேன்."

"ச்சீ, போடா."

அவர் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பக்கம் கதவு?"

"நேரா வா பாய். எனக்குதான் புதுக் கண்ணாச்சே," என்று முன்னால் நடந்து, கம்பீரமாக ஒரு கதவைத் திறந்து, அவரை உள்ளே அழைத்துப் போனேன்.

உள்ளே இருட்டாக இருந்தது. ஃபினாயில் வாடை என் மூக்குக்கே எட்டியது. பாய் கையை நீட்டித் தடவினார். கட்டைவிரலை எதன் மேலோ ஓட்டினார்.

"டேய் சௌந்தர்," என்றார். "இது எனக்கே தெரியுதுடா. தொடப்பம்."